வெள்ளி ரூபாயில் சுற்றும் வண்டிச்சக்கரம்

"தாத்தா பெட்டியில் 1918ஆம் ஆண்டு ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. கறுத்துக் கிடக்கிறது. புளி போட்டு விளக்கினால் நல்ல விலை போகுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம் அம்மா.

அந்தக் கறுப்பு அழுக்கு அல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிந்து உண்டான வெள்ளி சல்பைடு. பள்ளியில் படித்ததுதான். காசின் உயிர் அதற்கும் கீழே இருக்கிறது.

அந்த ரூபாய் 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அச்சடிக்கும்போது யாரும் வெள்ளியை உருக்கி ஊற்றுவதில்லை. வெறும் வில்லையை இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஒரே அடி. அந்த அழுத்தத்தில், தட்டிய அதிரச மாவு மாதிரி, திட வெள்ளியே நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது. வழியும்போது அச்சை உரசுகிறது. ஆயிரக்கணக்கான அடிக்குப் பிறகு எஃகின் முகத்திலேயே நடுவிலிருந்து விளிம்பு வரை மயிரிழையைவிட மெல்லிய கோடுகள் விழுந்துவிடும். அப்புறம் அந்த அச்சில் பிறக்கும் காசெல்லாம் அந்தக் கோடுகளோடுதான் பிறக்கும். மெத்தென்ற வெள்ளி எஃகை உழுதுவிடுகிறது என்பது எனக்கு இன்றும் தீராத வியப்பு.

இப்போது காசை ஒற்றை பல்புக்குக் கீழே பிடியுங்கள். ஒவ்வொரு கோடும் ஒரு குட்டிக் கண்ணாடி. சரியான திசையில் கிடக்கும் கோடுகள் மட்டுமே வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பும். ஆகவே எதிரெதிராக இரண்டு ஒளிப்பட்டைகள், உடுக்கை வடிவில். காசை மெல்லச் சாய்த்து ஆட்டினால் பட்டைகள் ஆரக்கால் போலச் சுற்றும். சேகரிப்பாளர்கள் 'கார்ட்வீல்', அதாவது வண்டிச்சக்கரம், என்பது இதைத்தான். எவர்சில்வர் தட்டிலும் இப்படிப் பட்டை தெரியும். அங்கே கோடுகள் வட்டமாக ஓடுவதால் பட்டை விளக்கை நோக்கி நிற்கும், காசில் அதற்குக் குறுக்கே நிற்கும்.

காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்று பார்த்துக் கிரேடு போடுபவர் முதலில் தேடுவது இந்தச் சக்கரத்தைத்தான். 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செம்புக் காசுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலில், 60ஐத் தொட வேண்டுமென்றால் காசு புழக்கத்துக்கே போயிருக்கக் கூடாது. புழங்கினால் மன்னரின் கன்னம், கிரீடம் என மேடான இடங்களில் சக்கரம் முதலில் அறுபடும்.

நானும் ஒருமுறை பற்பசையால் தேய்த்துப் பளபளக்க வைத்த ரூபாயைச் சேகரிப்பாளர் கூட்டத்துக்குப் பெருமையோடு கொண்டுபோனேன். ஒரு பெரியவர் ஜன்னலோரம் இரண்டு தரம் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தேய்ச்சுட்டீங்களா தம்பி?" என்றார். பற்பசையிலுள்ள நுண்துகள்கள் கோடுகளை மழித்துவிட்டன. மினுக்கம் இருந்தது, சக்கரம் இல்லை.

இதே தமிழ்நாட்டில்தான் பழைய செம்புக்காசில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும் என்று சொல்லி லட்சக்கணக்கில் சுருட்டுகிறார்கள். எந்தக் காசும் அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத்தூளைத் தடவினால் காந்தம் இழுக்கும், அவ்வளவுதான். ஒரு பல்பும் இரண்டு நிமிடமும் போதுமான உண்மையான அதிசயத்தை விட்டுவிட்டு இதற்குப் போய் ஏமாறுகிறார்களே என்றுதான் ஆற்றாமை.

சரி, வாசகிக்கு: எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கலப்பில்லாத அசிட்டோனில் சற்று நேரம் ஊறவிட்டு, துடைக்காமல் உலர்த்துங்கள். விளிம்பை மட்டும் பிடியுங்கள். நிலைப்படத்தில் சக்கரம் சரியாகத் தெரியாது. ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சாய்த்து ஆட்டி, பத்து விநாடி வீடியோ அனுப்புங்கள்.