பற்று அல்ல, ஒட்டுதல்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் போன வாரம் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். மகன் மனநல ஆலோசனைக்குப் போகிறான். அங்கே கொடுத்த தமிழ்த் தாள். ‘பற்றற்ற பாணி’ என்ற வரியைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள். “இது நல்ல குணம்தானே தம்பி? எங்க மாமனாரும் எதுலயும் பற்று வைக்கமாட்டாரு” என்றார். குழந்தை தன்னை வளர்ப்பவரோடு கொள்ளும் நெருக்கத்தை உளவியலில் அட்டாச்மென்ட் என்பார்கள். அதைப் பற்று என்று எழுதியதால் வந்த வினை இது. இந்தப் பெயர்ப்பை எத்தனையோ முறை பார்த்துப் பொறுத்துக்கொண்டேன், இனி முடியாது.

அட்டாச்மென்ட் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழி வந்தது. முளையடித்துக் கட்டுவது போன்ற பொருள். உளவியலில் அதை நிலைநாட்டியவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. குழந்தை தாயை நாடுவது பாலுக்காக மட்டும் அல்ல, அவள் அருகில் இருப்பதே அதற்குக் காவல் என்றார். அவரோடு பணியாற்றிய மேரி அயின்ஸ்வொர்த் குழந்தைகளிடம் கண்ட அட்டாச்மென்ட் வகைகளை 1987இல் ஹசான், ஷேவர் என்ற உளவியலாளர்கள் பெரியவர்களின் காதலுக்குப் பொருத்திப் பார்த்தார்கள்.

சரி, பற்று ஏன் கூடாது? தமிழில் பற்று என்பது விட வேண்டியது. ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்ற 350ஆம் குறள் துறவு அதிகாரத்தில் இருக்கிறது. பற்றற்றவர் என்றால் நமக்கு ஞானி. உளவியல் சொல்லும் ஆளோ, நெருங்கினால் அடிபடுவோம் என்று விலகியே பழகியவர். அப்படிப்பட்ட குழந்தை, தாய் அறையைவிட்டுப் போனாலும் அழாமல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதயத் துடிப்பை அளந்தால் ஏறியிருக்கும். உள்ளே அப்படித் தவிக்கிற உயிரைப் பற்றற்றது என்பதா?

ஆலோசனை அறையில் இந்தப் பிழை இன்னும் கெடுக்கும். ஆலோசகரே வந்தவருக்குப் பத்திரமான ஊன்றுதளமாக இருக்க வேண்டும் என்று 1988இல் பௌல்பி எழுதினார். மூன்றாம் சந்திப்பிலேயே “சரியாயிடுச்சு, இனி வரல” என்று ஒருவர் எழுந்தால், அவருடைய பழைய விலகல் அங்கேயும் நடக்கிறதோ என்று பேசிப் பார்க்க வேண்டும். பற்றற்றவர் என்று பேர் சூட்டிவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது?

வீட்டிலேயே சொல் இருக்கிறது: ஒட்டுதல். ‘பிள்ளை பாட்டிகிட்ட ஒட்டுதலா இருக்கு’, ‘அவன் யார்கிட்டயும் ஒட்டமாட்டான்’. பகைவரை ‘ஒட்டார்’ என்கிறது 826ஆம் குறள். சுவரொட்டி, ஒட்டுண்ணி எல்லாம் நினைவுக்கு வரும் என்பார்கள், ஒட்டுமாங்கன்றும் வரட்டுமே. ‘இணைப்பு’ மின்னஞ்சலோடு போகட்டும். ‘பிணைப்பு’ பரவாயில்லை, ஆனால் தாய்மார் வாயில் வராது. ‘பாணி’யும் வேண்டாம், ‘போக்கு’ போதும்: ஒட்டாத போக்கு, பதறி ஒட்டும் போக்கு, நம்பி ஒட்டும் போக்கு.

அக்காவிடம் ‘ஒட்டாத போக்கு’ என்று சொன்னேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். “சின்னதுலயே யார் மடியிலயும் உட்காரமாட்டான்” என்றார்.

அதே தாளில் ஆலோசனைக்கு வருகிறவரை ‘வாடிக்கையாளர்’ என்று எழுதியிருக்கிறார்கள். மளிகைக் கடையில் பருப்பு வாங்குகிறவருக்கு உரிய சொல் அது. ‘ஆலோசனைக்கு வருபவர்’ என்று எழுத இடமா இல்லை?