கிரீ அசையெழுத்துக் குறியேற்றம்: சொல் விளக்கம்

கனடாவின் கிரீ மக்கள் தம் மொழியை எழுதும் எழுத்துகளை ஆங்கிலத்தில் 'சிலபிக்ஸ்' என்பார்கள். 'சேர்த்துப் பிடித்தது' என்று பொருள்படும் 'சில்லபே' என்னும் கிரேக்கச் சொல்லே இதன் மூலம். ஓரசைக்கு ஒரு குறி என்பதால் தமிழில் 'அசையெழுத்து' என்பதே சரி. சிலர் எழுதும் 'உயிர்மெய்' பொருந்தாது. நம் 'கி'யில் ககரம் வேறு, கொக்கி வேறு. கிரீயில் மெய்யோடு சேரும் உயிருக்குத் தனிக்குறியே இல்லை, எழுத்து நிற்கும் திசைதான் உயிர். பகர வரிசை ஒரு கோணம்: வாய் மேல்நோக்கினால் பே, கீழ்நோக்கினால் பி, கூர்முனை வலப்புறம் இருந்தால் பொ, இடப்புறம் இருந்தால் ப. 1840-இல் கனடாவின் நார்வே ஹவுஸ் என்னும் ஊரில் மதபோதகர் ஜேம்ஸ் எவன்ஸ் இம்முறையை வெளியிட்டார். காலிங் பேட்ஜர் என்ற கிரீ முன்னோருக்கு அருளப்பட்டது என்பது கிரீ மரபு.

ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியில் ஓர் எண் தரும் 'என்கோடிங்' என்பதைக் 'குறியேற்றம்' என்க. 'குறியாக்கம்' என்றால் மறைகுறியாக்கத்தோடு (என்கிரிப்ஷன்) குழம்பும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத்தரமான யூனிகோடு, தன் 3.0 பதிப்பில் (1999) இவ்வெழுத்துகளை 'ஒருங்கிணைந்த கனடியத் தொல்குடி அசையெழுத்துகள்' என்ற பெயரில் ஏற்றது. பதினாறடிமான (0–9, A–F கொண்ட எண்முறை) எண் 1400-இல் தொடங்கி 640 இடங்கள். கீழ்வரும் எழுத்தெண்களும் இம்முறையிலானவையே. 'ஒருங்கிணைந்த' என்பதை விட்டுவிடக் கூடாது. கிரீ, ஒஜிப்வே, இனுக்டிடுட் ஆகிய கனடியத் தொல்குடி மொழிகள் எல்லாம் ஒரே வடிவத்துக்கு ஒரே எண்ணைப் பகிர்கின்றன. கிரீயில் 'ஏ' ஆகும் 1401, இனுக்டிடுட்டில் 'ஐ'. யூனிகோடு தரும் எழுத்துப்பெயரை ஒலிப்பாகக் கொள்ளக் கூடாது.

சிக்கல் பெரும்பாலும் புள்ளியில்தான். எழுத்தின் மேல் புள்ளி இட்டால் உயிர் நெடிலாகும். நெடில் 'ஈ' ஒரே எண்: 1404. குறில் 1403-ஐத் தட்டி, மேற்புள்ளி 0307-ஐச் சேர்த்தாலும் திரையில் அதேபோல் தெரியும். ஆனால் இரண்டும் சமம் என்று யூனிகோடு வரையறுக்கவில்லை. சமமான குறிகளை ஒரே வடிவாக்கும் இயல்பாக்கம் செய்தாலும் ஒன்றாகா, தேடலில் சொல் சிக்காது. மாற்றுப் பட்டியல் எழுதி நாமேதான் 1404 ஆக்க வேண்டும். வகர ஒலியைக் காட்டும் வகரப் புள்ளியை (1427) யூனிகோடு எழுத்து வகையில் சேர்க்கிறது. அதற்குப் பதில் இலத்தீன் நடுப்புள்ளியை இட்டால் கணினி அதை நிறுத்தக்குறியாக எடுத்துக்கொள்ளும். பகரத்துக்கு (1438) 'சிறியது' (<) என்னும் கணிதக் குறியைத் தட்டினால், குறிச்சொல்லைத் தொடங்க அதையே பயன்படுத்தும் எக்ஸ்எம்எல் கோப்பே உடையும்.

கிரீயின் கிழக்கு, மேற்கு எழுத்து வழக்குகளைக் கலக்கவும் கூடாது. வகரப் புள்ளி மேற்கே அசைக்கு வலப்புறம், கிழக்கே இடப்புறம். இரண்டுக்கும் தனித்தனி எண்கள். சொல்லிறுதிக் ககர மெய் மேற்கே சிறு சாய்கோடு (1420), கிழக்கே உயர்த்திய சிறு ககரம் (1483). எழுத்துருவை மாற்றினால் வழக்கு மாறாது. எண்களையே மாற்ற வேண்டும். பார்க்க விண்டோஸில் கடுகி, மேக்கில் யூஃபீமியா எழுத்துருக்கள் போதும்.