ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கும்போது எந்த எண்ணைப் பார்ப்பது?

பேட்டரி இறங்கிய காரில் சாவியைத் திருப்பினால் ‘டக் டக் டக்’ என்று வேகமாக ஒரு சத்தம் வருமே, அதில் முக்கியமான தகவல் ஒன்று இருக்கிறது. என்ஜினை முதலில் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் மேல் சாலினாய்டு என்ற மின்காந்த சுவிட்ச் உட்கார்ந்திருக்கும். அதை இழுக்கத் தேவையான மின்னோட்டத்தை இறங்கிப்போன பேட்டரியாலும் தர முடிகிறது. சுவிட்ச் மூடுகிறது. மூடியவுடன் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கேட்கிறது. பேட்டரியின் வோல்ட் சரிகிறது. சாலினாய்டைப் பிடித்து வைக்கக்கூடப் போதாமல் சுவிட்ச் திறந்துகொள்கிறது. சுமை விலகியதும் வோல்ட் மறுபடி ஏறுகிறது, சுவிட்ச் மறுபடி மூடுகிறது. அதாவது பேட்டரிக்குள் மின்சாரம் தீர்ந்துவிடவில்லை. இருப்பதை வேகமாக வெளியே தள்ள அதனால் முடியவில்லை.

ஜம்ப் ஸ்டார்ட்டர் என்பது இறங்கிய பேட்டரியோடு மாட்டிக் காரை ஸ்டார்ட் செய்ய உதவும் கையடக்கப் பெட்டி. அதைத் தேடும்போது இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் அட்டைப்பெட்டியில் உள்ள பெரிய எண்கள் நம்மைக் குழப்பாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் முதல் கணத்தில் 300 ஆம்பியரைத் தாண்டி இழுக்கலாம். சுழல ஆரம்பித்ததும் 100 முதல் 150 ஆம்பியருக்கு இறங்கும். 150 ஆம்பியர், 10 வோல்ட் என்று வைத்தால் 1500 வாட். என்ஜின் பிடிக்க 2 வினாடி ஆகிறது என்றால் மொத்த ஆற்றல் செலவு 3000 ஜூல் (ஒரு வாட் ஒரு வினாடி ஓடினால் ஒரு ஜூல்). உங்கள் சட்டைப்பையில் உள்ள 5000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) கைப்பேசியின் பேட்டரியில் ஏறத்தாழ 69,000 ஜூல் இருக்கிறது. இருபது தடவைக்கு மேல் காரை ஸ்டார்ட் செய்யப் போதுமான ஆற்றல் அது! ஆனாலும் கைப்பேசியால் ஒரு தடவைகூட முடியாது. அந்த 3000 ஜூலை 2 வினாடிக்குள் கொட்டித் தீர்க்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

சார்லஸ் கெட்டரிங் 1912-ஆம் வருட காடிலாக் காருக்கு மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கிக் கொடுத்தபோது அவருக்குக் கைகொடுத்ததும் இதே எண்ணம்தான். அதற்கு முன் கைப்பிடியைச் சுற்றித்தான் என்ஜினைக் கிளப்ப வேண்டும்; அது எகிறி அடித்துக் கை முறிந்தவர்கள் உண்டு. கெட்டரிங் அதற்கு முன்பு கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின் மோட்டார் வடிவமைத்தவர். சில வினாடிகள் மட்டும் வேலை செய்தால் போதும் என்றால், சின்ன மோட்டாரிலிருந்தே அதன் வழக்கமான திறனைவிடப் பல மடங்கு வேலை வாங்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டரும் அதே வழியில்தான் போகிறது.

வேகமாகக் கொடுக்க முடிவதையும் முடியாததையும் தீர்மானிப்பது உள்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை. நல்ல கார் பேட்டரிக்கு அது சுமார் 5 மில்லி ஓம். 200 ஆம்பியர் ஓடினால் உள்ளேயே 1 வோல்ட் தொலையும், அவ்வளவுதான். பேட்டரி இறங்கிக் கிடக்கும்போதும், வயதாகித் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகும்போதும் இந்தத் தடை ஏறுகிறது. 40 மில்லி ஓம் ஆகிவிட்டால் அதே 200 ஆம்பியருக்கு 8 வோல்ட் உள்ளேயே போய்விடும். மோட்டாருக்கு மிஞ்சுவது 4 வோல்ட். மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டும் பேட்டரி ஏன் செல்ஃப் எடுப்பதில்லை என்பதற்கும் பதில் இதுவே.

சரி, அட்டைப்பெட்டிக்கு வருவோம். பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருப்பது 20,000 எம்ஏஎச் மாதிரி ஓர் எண். அது 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. பெருக்கினால் 74 வாட்-மணி வரும். 12 வோல்ட்டுக்கு மாற்றினால் சுமார் 6 ஆம்பியர்-மணி. இதே 74 வாட்-மணி கொண்ட சாதாரண பவர் பேங்க் ஒன்று 20 வாட் கொடுக்கும். ஜம்ப் ஸ்டார்ட்டர் 2000 வாட் கொடுக்க வேண்டும். இருப்பு ஒன்று, வேகத்தில் நூறு மடங்கு வித்தியாசம். ஆகவே எம்ஏஎச் எண் எத்தனை தடவை முயலலாம், எத்தனை கைப்பேசிக்குச் சார்ஜ் போடலாம் என்பதைச் சொல்லும். உங்கள் என்ஜின் சுற்றுமா என்பதை அது சொல்லாது.

அடுத்தது உச்ச ஆம்பியர்: 1000, 2000, 3000 என்று ஏறிக்கொண்டே போகும். இந்த எண்ணின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. உச்சம் என்பது எவ்வளவு நேரத்துக்கு, எத்தனை வோல்ட்டில் என்று பெட்டியில் எழுதியிருப்பதில்லை. கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் வந்து போகும் மின்னோட்டத்தால் என்ஜின் சுற்றாது. கார் பேட்டரியின் மேல் இருக்கும் சி.சி.ஏ. என்ற குளிர்நிலை ஆம்பியர் எண்ணையும் இதையும் ஒப்பிடக் கூடாது. சி.சி.ஏ.-வுக்குக் கறாரான சோதனை இருக்கிறது: மைனஸ் 18 டிகிரி குளிரில், 30 வினாடி முழுக்க அந்த மின்னோட்டத்தைக் கொடுத்த பிறகும் பேட்டரி 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது.

சில தயாரிப்பாளர்கள் ‘3 வினாடிகளில் இத்தனை ஜூல்’ என்று எழுதுகிறார்கள். நான் தேடுவது இந்த எண்ணைத்தான். ஆற்றலும் நேரமும் சேர்ந்து வருவதால் வகுத்துப் பார்த்துவிடலாம். 7000 ஜூல் என்றால் வினாடிக்கு 2300 ஜூலுக்குச் சற்று மேல், அதாவது 10 வோல்ட்டில் சுமார் 230 ஆம்பியர். 1000 ஆம்பியர் உச்சம் என்று எழுதிய பெட்டியில் இந்த 7000 இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இரண்டில் பயன்படும் உண்மை 230-தான். 1.2 லிட்டர் பெட்ரோல் காருக்கு 5000, 6000 ஜூல் தாராளம். 2 லிட்டர் டீசல் என்றால் 9000-க்குக் குறையாமல் பாருங்கள். டீசல் என்ஜின் காற்றை 16 மடங்குக்கு மேல் அமுக்குகிறது, பெட்ரோலில் அது 10, 11 மடங்குதான். அதனால் டீசலைச் சுற்றவைக்கப் பலம் அதிகம் தேவை. ஒரு நிம்மதி, நம் ஊர் வெயிலில் என்ஜின் ஆயில் இளகியே இருக்கும். பனி நாடுகளில் வண்டி ஓட்டுபவருக்குத் தேவைப்படும் பெரிய பெட்டி நமக்கு வேண்டியதில்லை.

ஜம்ப் ஸ்டார்ட்டருக்குள் இருப்பது தட்டையான பை மாதிரி லித்தியம் செல்கள். மூன்றோ நான்கோ வரிசையாக இணைத்திருப்பார்கள். உள்ளே மின்முனைப் படலங்களை மெல்லிசாக்கி, அடுக்குகளைக் கூட்டி, பரப்பை அதிகமாக்கியிருப்பார்கள். அயனிகள் கடக்க வேண்டிய தூரம் குறைவதால் உள்தடையும் குறைகிறது. ரிமோட் விமானப் பொம்மைகளில் இருப்பதும் இதே ரகச் செல்தான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் போட்ட பெட்டிகளும் உண்டு. கொஞ்சம் கனம் கூடும், ஆனால் சூட்டைத் தாங்கும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. விலை ஒத்துவந்தால் அதையே எடுங்கள்.

ஒயர் ஏன் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்தோடு நின்றுவிடுகிறது என்று சிலர் குறைப்படுவார்கள். அது குறையே இல்லை. இன்னொரு காரிலிருந்து மின்சாரம் எடுக்கும் 2.5 மீட்டர் ஜம்பர் கேபிள் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 6 சதுர மில்லிமீட்டர் செம்பு இருந்தாலும், போக வர 5 மீட்டருக்கு 14 மில்லி ஓம் தடை வந்துவிடும். 200 ஆம்பியரில் கிட்டத்தட்ட 3 வோல்ட் ஒயரிலேயே போய்ச் சேரும். மலிவு கேபிள்களில் செம்புப் பூச்சுக்குள் அலுமினியம் இருக்கும், அதில் இழப்பு இன்னும் அதிகம். கட்டையான, தடித்த ஒயரே நல்ல ஒயர்.

கிளிப்புக்குப் பக்கத்தில் ஒயரில் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி தொங்கும். பிளஸ், மைனஸ் மாறி மாட்டினாலோ இரண்டு கிளிப்பும் ஒன்றையொன்று தொட்டாலோ அது இணைப்பைக் கொடுக்காது. என்ஜின் கிளம்பியதும் இன்னொரு வேலையையும் செய்கிறது. மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர் அப்போது 14 வோல்ட்டுக்கு மேல் கொடுக்க ஆரம்பித்திருக்கும். மூன்று செல் கொண்ட லித்தியம் அடுக்கின் உச்ச வரம்போ 12.6 வோல்ட். மின்சாரம் திரும்பிப் பாய்ந்தால் செல்கள் அளவுமீறிச் சார்ஜாகிக் கெட்டுப்போகும். நல்ல கட்டுப்பாட்டுப் பெட்டி இதைத் தடுக்கும். ஆனாலும் கார் ஓட ஆரம்பித்த அரை நிமிடத்துக்குள் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள்.

பேட்டரி அடியோடு இறங்கி ஒன்றிரண்டு வோல்ட்டில் கிடந்தால், எதிரே பேட்டரி இருப்பதே இந்தப் பெட்டிக்குத் தெரியாது. அதற்காக ‘பூஸ்ட்’ என்றொரு பொத்தான் வைத்திருப்பார்கள். அதை அமுக்கும்போது பல மாடல்களில் பிளஸ், மைனஸ் பாதுகாப்பும் சேர்ந்தே அணைந்துவிடும். இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். டெர்மினல் குறியை டார்ச் அடித்து இரண்டு தடவை பார்த்துவிட்டே அமுக்க வேண்டும். மைனஸ் கிளிப்பைப் பேட்டரியிலிருந்து தள்ளி, என்ஜினின் வெறும் உலோகப் பகுதியில் மாட்டச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஈய-அமில பேட்டரி சார்ஜாகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். அமிலம் முகத்தில் தெறித்தால் கண் போய்விடும். உங்கள் கருவியின் கையேடு எங்கே மாட்டச் சொல்கிறதோ அங்கேயே மாட்டுங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய பிரச்சினை: வெயில். வேலூரிலும் திருத்தணியிலும் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சர்வ சாதாரணம். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் அப்போது 60 டிகிரி வந்துவிடும், டேஷ்போர்டின் மேல் இன்னும் அதிகம். லித்தியம் செல்லுக்கு மிக மோசமான சேர்க்கை, முழுச் சார்ஜும் கடும் சூடும். ஜம்ப் ஸ்டார்ட்டரை நாம் வைத்திருப்பதோ அப்படியேதான்: அவசரத்துக்கு வேண்டும் என்று முழுச் சார்ஜோடு, காருக்குள். ஒரு கோடை முடிவதற்குள் அதன் திறன் குறையலாம். செல் உப்பலாம். உப்பிய பெட்டியை அதற்குப் பிறகு பயன்படுத்தவே கூடாது. லித்தியம் ரகம்தான் என்றால் டிக்கியில், நிழல்படும் மூலையில் வையுங்கள். கார் நாள் முழுக்க வெயிலில் நிற்கப் போகிறது என்றால் பையில் கையோடு எடுத்துப் போங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் பாருங்கள்.

இந்தத் தலைவலியே இல்லாத ஒரு ரகம் இருக்கிறது. நம்மூரில் அதைப் பற்றி அதிகம் பேச்சில்லை என்பது எனக்கு வருத்தம். சூப்பர் கெப்பாசிட்டர் ஜம்ப் ஸ்டார்ட்டர் அது. அதற்குள் பேட்டரியே கிடையாது. டிக்கியில் காலியாகவே கிடக்கும். தேவைப்படும்போது, இறங்கிப்போன உங்கள் கார் பேட்டரியிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும்! கேட்டால் மாயம் மாதிரி இருக்கும், ஆனால் அந்த ‘டக் டக்’ சத்தத்தை யோசித்தால் புரிந்துவிடும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தாலே அது 1,30,000 ஜூலுக்கு மேல். நாற்பது ஸ்டார்ட்டுக்குப் போதுமான ஆற்றல். 200 ஆம்பியரைத் தர முடியாத அந்தப் பேட்டரியால் 5 ஆம்பியரை நிதானமாகத் தர முடியும். கெப்பாசிட்டர் பெட்டி அதை வாங்கி, வோல்ட்டை ஏற்றிச் சேமித்து, பிறகு மொத்தமாக விடுகிறது.

350 ஃபாரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) கெப்பாசிட்டர் ஆறை வரிசையாக இணைத்தால் மொத்தம் 58 ஃபாரட். 15 வோல்ட்டுக்கு ஏற்றினால் 6500 ஜூல் நிறையும். 9 வோல்ட் வரை இறங்கும்போது அதில் 4000-க்குச் சற்று மேல் வெளியே வரும். பெட்ரோல் காருக்கு ஒரு நல்ல முயற்சி. 5 ஆம்பியர் வீதம் நிரம்ப இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். மின்சாரம் கார்பன் பரப்பில் ஒட்டி நிற்கிறதே தவிர உள்ளே வேதிவினை நடப்பதில்லை. அதனால் லட்சக்கணக்கான தடவை நிரப்பிக் காலி செய்யலாம். காலியாகக் கிடப்பதால் வெயிலில் தீப்பிடிக்கும் பயமும் இல்லை. குறை என்றால், பேட்டரி அடியோடு செத்திருந்தால் எடுக்க ஒன்றும் இருக்காது. அப்போது வேறு காரின் லைட்டர் சாக்கெட்டிலிருந்தோ பவர் பேங்கிலிருந்தோ நிரப்ப வேண்டும். கைப்பேசிக்குச் சார்ஜ் போடவும் ஆகாது. வெயிலில் கார் நிறுத்த வேறு வழியில்லாதவருக்கு நான் இதையே சொல்வேன்.

ஆட்டோமேட்டிக் கியர் கார் வைத்திருப்பவருக்கு இரண்டில் ஏதாவது ஒன்று அவசியம், ஏனென்றால் அதைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் என்ஜினோடு பெரிய பேட்டரியும் மின் மோட்டாரும் சேர்ந்தது), மின்சாரக் கார்களிலும் 12 வோல்ட் பேட்டரி உண்டு, அது இறங்கினால் வண்டி விழிக்காது. ஆனால் அங்கே கணினிகளை எழுப்பிப் பெரிய பேட்டரியின் இணைப்பை மூடினால் போதும் என்பதால் சின்னப் பெட்டியே சமாளித்துவிடும். கையேடு அனுமதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 24 வோல்ட் லாரிக்கு 12 வோல்ட் பெட்டியை மாட்டவே கூடாது.

கார் கிளம்பியதும் அணைத்துவிடாதீர்கள். ஈய-அமில பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜை வாங்கும். அரை மணி நேர ஓட்டத்தில் நிறையாது. அன்றே ஒரு நல்ல சார்ஜரில் இரவு முழுக்கப் போடுங்கள். அப்புறம் சில மணி நேரம் விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் பெரும்பாலும் எதையோ அணைக்க மறந்ததால்தான் இறங்கியிருக்கும். முழு இரவு சார்ஜுக்குப் பிறகும் 10.5 வோல்ட்டிலேயே நின்றால், ஆறு செல்லில் ஒன்று உள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கிறது. எந்த ஜம்ப் ஸ்டார்ட்டரும் அதைத் திருத்தாது. பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.