குழந்தையின் குரல் கம்முவதற்கு மலைக்குளிரைப் பழிக்காதீர்கள்

"வீசிங்னு ஒரு வருஷமா ஆவி வெச்சுக்கிட்டு இருக்கோம் சார்." ஏற்காட்டு மலைக்கிராமத்துப் பாட்டி ஒருவர் போன வாரம் சொன்னது. வாழப்பாடி, ஓமலூர்ப் பெற்றோரும் இதையேதான் சொல்கிறார்கள். மடியிலிருந்த நான்கு வயதுப் பேரன் அழுதான். காற்று வந்தது, குரல் வரவில்லை. எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தால் குரல்நாண்கள் மேல் முசுக்கொட்டைப் பழம்போல் கொத்துக்கொத்தாக வளர்ச்சி. மூச்சுக்கு மிஞ்சியிருந்தது ஓர் இடுக்குதான்.

இது பாப்பிலோமா, மருப்போன்ற வளர்ச்சி. புற்றுநோய் அல்ல. ஹெச்பிவி எனும் மனிதப் பாப்பிலோமா வைரஸின் 6, 11 ஆகிய வகைகளால் வருவது.

பனி ஒத்துக்கொள்ளவில்லை, ஐஸ்கிரீம் தின்றான் என்ற பேச்சை தயவுசெய்து விடுங்கள். சேலத்து வெயிலில் வளரும் பிள்ளைக்கும் இது வருகிறது. சளியால் கம்மிய குரல் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். மாதக்கணக்கில் கம்மி, வரவர மோசமாகிற குரலுக்குக் குளிர் காரணமே இல்லை. கத்திக் கத்திக் குரல்நாணில் முடிச்சு விழுவதுண்டு. அதில் வைரஸுக்கு வேலையில்லை, குரல் பயிற்சியிலேயே பெரும்பாலும் அடங்கும். எது என்று உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சத்தம் மூச்சை இழுக்கும்போதா, விடும்போதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். இழுக்கும்போது சத்தம், கூடவே குரல் கம்மல் என்றால் ஆவியை நீட்டிக்கொண்டே போகாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள்.

பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றுவதுதான் வழக்கம் என்றதும் மருமகளை முறைக்கிறார்கள். உலகில் மிகச் சாதாரணமாகப் பரவியிருக்கும் வைரஸ் இது. பலருக்கு அறிகுறியே காட்டாமல் வந்து, தானே போய்விடும். அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தைப் பேச இதில் ஒன்றுமில்லை. பிள்ளைக்குத் தனித் தட்டு, தனி டம்ளரும் வேண்டாம்.

அறுவைசிகிச்சையில் எடுத்தாலும் திரும்ப வளரும். நல்லதாகத் தெரியும் சவ்வுக்குள்ளும் வைரஸ் பதுங்கியிருப்பதே காரணம். 'டாக்டர் சரியா எடுக்கல' என்று ஊர் ஊராக அலைந்து நாளைக் கடத்தாதீர்கள். சொன்ன தேதியில் வாருங்கள்.

தடுப்பூசி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2007 முதல் நாளைய தாய்மார்களான பள்ளிப் பெண்களுக்கும் 2013 முதல் பையன்களுக்கும் போட்டார்கள். 2012-ல் லட்சம் குழந்தைகளுக்கு 0.16 ஆக இருந்த இந்த நோய், 2016-ல் 0.02 ஆகக் குறைந்தது. நம் நாட்டிலேயே தயாராகும் செர்வாவேக் தடுப்பூசியில் 6, 11 இரண்டு வகைக்கும் பாதுகாப்பு உண்டு. இதே வைரஸின் 16, 18 வகைகளுக்கு மட்டுமான ஊசி இதைத் தடுக்காது, கேட்டுப் போடுங்கள். 9 வயதிலிருந்தே போடலாம், பையனுக்கும்தான்.

மூச்சிழுக்கும்போது பிள்ளையின் தொண்டைக்குழி உள்வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இரவிலேயே மலையிறங்கி வந்துவிடுங்கள்.