களையெடுப்பில் தப்பிய புல்

ஸ்காட்லாந்தில் இருவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு சிறுநீரகங்களும் இறந்துபோன ஒரே மனிதரிடமிருந்து எடுக்கப்பட்டவை. சிறிது காலத்தில் இருவருக்கும் மெலனோமா என்னும் புற்றுநோய் வந்தது. மெலனோமா தோலில் தொடங்குவது. சிறுநீரகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது விடை கிடைத்தது. தானம் கொடுத்தவருக்கு 16 ஆண்டுகளுக்கு முன்பு மெலனோமா கட்டி அகற்றப்பட்டிருந்தது. அதன்பின் அவர் நன்றாகவே இருந்தார். நோய் போய்விட்டது என்றே எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். 2003இல் இந்தச் செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தபோது, சிறுநீரகம் பெற்ற இருவரில் ஒருவர் உயிரோடு இல்லை.

நோய் போகவில்லை, அடங்கிக் கிடந்தது. தானம் கொடுத்தவரின் நோய் எதிர்ப்பு மண்டலம் மிச்சமிருந்த அந்தச் சில செல்களை 16 ஆண்டுகள் தலையெடுக்க விடாமல் வைத்திருந்தது. சிறுநீரகம் பெறுகிறவர்களோ, புதிய உறுப்பை உடல் நிராகரித்துவிடாமல் இருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்க வேண்டியவர்கள். காவல் தளர்ந்தது, கட்டி எழுந்தது.

ஆகவே, புற்றுநோய் செல் உடலின் கண்ணில் படுவதே இல்லை என்ற பேச்சு சரியல்ல. படுகிறது, பிடிபடுகிறது, அழிக்கவும் படுகிறது. பிறகு எப்படித்தான் ஒரு கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்து நிற்கிறது?

நெல் வயலில் கைக்களை எடுத்தவர்களுக்கு ஒரு புல்லைத் தெரிந்திருக்கும். குதிரைவாலி இனத்தைச் சேர்ந்தது. கதிர் வரும்வரை அது பயிரா, புல்லா என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்தப் புல் திட்டம் போட்டு நெல்லின் வேடத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. நெல்லைப் போல் இல்லாத புல்லையெல்லாம் தலைமுறை தலைமுறையாக மனிதர்களே பிடுங்கி எறிந்தார்கள். நெல்லைப் போல் இருந்தது தப்பி விதை போட்டது. களையெடுத்த கையே அந்த வேடத்தையும் தைத்துக் கொடுத்தது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ராபர்ட் ஷ்ரைபர் குழுவினர் 2001இல் வெளியிட்ட எலிச் சோதனை இதைத்தான் காட்டியது. எதிர்ப்பாற்றல் இல்லாத எலிகளில் வளர்ந்த கட்டிகளை எடுத்து நல்ல எலிகளுக்குள் வைத்தார்கள். அவற்றில் சுமார் 40 சதவீதக் கட்டிகளை நல்ல எலிகள் அழித்துவிட்டன. எதிர்ப்பாற்றல் உள்ள எலிகளில் வளர்ந்த கட்டிகளை அதேபோல வேறு நல்ல எலிகளுக்குள் வைத்தபோது ஒன்றுகூட அழியவில்லை. காவல் இல்லாத இடத்தில் வளர்ந்த கட்டிக்கு ஒளியத் தெரியாது. காவலுக்கு நடுவே வளர்ந்தது ஏற்கெனவே சலித்து எடுக்கப்பட்டது. புற்றுநோயைத் தந்திரசாலி, சூழ்ச்சிக்காரன் என்று எழுதுவது நம் பத்திரிகை வழக்கம். அதற்கு மூளை இல்லை. பிடிபட்டவை போக மிஞ்சியதைத்தான் மருத்துவர் பார்க்கிறார்.

அந்தச் சலிப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நம் உடலின் ஏறக்குறைய எல்லா செல்களும் இதைத்தான் ஓயாமல் செய்துகொண்டிருக்கின்றன. உள்ளே தயாராகும் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் நீளமுள்ள சிறு துணுக்குகளை எச்.எல்.ஏ என்னும் தாங்கியில் வைத்து வெளிப்புறத்தில் நீட்டுகின்றன. ரத்தத்திலும் திசுக்களிலும் சுற்றிவரும் காவல் செல்களான டி செல்கள் அந்தப் பருக்கையைத் தொட்டுப் பார்க்கின்றன. வழக்கமான பருக்கை என்றால் நகர்ந்துவிடும். வைரஸின் துணுக்கோ, மரபணு மாறியதால் உருத்திரிந்த புரதத்தின் துணுக்கோ தட்டுப்பட்டால் அந்த செல்லை அங்கேயே துளைத்துக் கொன்றுவிடும்.

இதிலிருந்து தப்பப் புற்றுநோய் செல்லுக்குள்ள நேர்வழி, பருக்கையை நீட்டாமல் இருப்பது. தாங்கியை உருவாக்கும் மரபணு பழுதானால் போதும். ஆனால் உடல் இதற்கும் ஆள் வைத்திருக்கிறது. இயற்கைக் கொல்லி செல்கள் என்று ஒரு வகை உண்டு; தாங்கியே இல்லாத செல்லைக் கண்டால் அவற்றுக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் பல கட்டிகளில் நாம் காண்பது அரைகுறை மறைப்பு. எச்.எல்.ஏ மரபணுக்கள் தாய்வழியில் ஒரு தொகுதி, தந்தைவழியில் ஒரு தொகுதி என்று வருகின்றன. கட்டி இதில் ஒரு தொகுதியை மட்டும் தொலைத்துவிடுகிறது. காட்டிக்கொடுக்கும் துணுக்கை ஏந்தும் தாங்கி போய்விடும். கொல்லி செல்லைச் சமாதானப்படுத்த மற்றது இருக்கும். நுரையீரல் புற்றுநோயில் ஒரு பெரிய வகையை லண்டன் ஆய்வாளர்கள் சோதித்து 2017இல் எழுதினார்கள்: சுமார் 40 சதவீதக் கட்டிகளில் இந்த இழப்பு இருந்தது.

இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது இரண்டாவது வழி. இங்கே செல் ஒளிந்துகொள்வதே இல்லை. டி செல் வருகிறது, பருக்கையைத் தொடுகிறது, ஆளைக் கண்டுபிடித்தும் விடுகிறது. தாக்கும்போது இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. எதிரே இருக்கும் செல்லுக்கு அது ஓர் எச்சரிக்கை மணி. மணி கேட்டதும் செல் இரண்டு காரியங்கள் செய்கிறது. தாங்கிகளைக் கூடுதலாக வெளியே நீட்டுகிறது. இது டி செல்லுக்கு உதவி. கூடவே பி.டி-எல்1 என்ற புரதத்தையும் வெளியே நீட்டுகிறது. இது போய் டி செல்லின் மேலுள்ள பி.டி-1 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டால் டி செல்லின் வேகம் இறங்கும். திரும்பத் திரும்பப் பற்றினால் அது ஓய்ந்தே போகும். தாக்கிய டி செல்லே தன்னை நிறுத்தும் பிரேக்கை எதிராளியின் கையில் கொடுத்துவிடுகிறது.

உடல் ஏன் இப்படி ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டிருக்கிறது? கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகம் 1992இல் பி.டி-1ஐக் கண்டுபிடித்தபோது அவர்களுக்கே விடை தெரியாது. செல்கள் தாமாக இறப்பதற்கான மரபணுவைத் தேடிப்போன இடத்தில் கிடைத்தது அது. பின்னர் அந்த மரபணு இல்லாத எலிகளை வளர்த்தார்கள். மூட்டுகளும் சிறுநீரகங்களும் வீங்கிப் புண்ணாயின. வேறொரு வகை எலிகளில் இதயம் பழுதானது. சொந்த நோய் எதிர்ப்பு மண்டலமே உடலைக் குதறியிருந்தது. கிருமியை விரட்டும் சண்டையில் பக்கத்திலுள்ள நல்ல திசு நாசமாகிவிடாமல் இருக்கத்தான் அந்தப் பிரேக். புற்றுநோய் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த சலுகையைக் கூடுதலாக வாங்கிக்கொண்டது.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று கஷாயமும் பொடியும் விற்பவர்களிடம் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது: கட்டியின் வாசலில் கால் ஓய்ந்து நிற்கும் டி செல்லின் பிரேக்கை எந்த வேர் எடுத்துவிடும்?

அந்தப் பிரேக்கின் மேல் ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் தடுக்கும் எதிர்ப்புரதங்கள்தான் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள். இரண்டும் 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. சிடிஎல்ஏ-4 என்ற வேறொரு பிரேக்கைத் தடுத்து எலிகளின் கட்டிகளைக் கரைத்துக் காட்டியவர் ஜேம்ஸ் ஆலிசன். அவருக்கும் ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல், 90 வயதில், மெலனோமா கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, பெம்ப்ரோலிசுமாப் மூன்றும் தரப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் மூளையில் கட்டியின் தடயம் இல்லை என்று அறிவித்தார். 100 வயது வரை இருந்தார்.

எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. மெலனோமாவிலேயே இந்த மருந்து தனியாகத் தரப்படும்போது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் கட்டி நன்றாகச் சுருங்குகிறது. பிரேக்கை எடுத்த வண்டி எங்கும் இடிக்கலாம் என்பதால் குடல், தைராய்டு, சில வேளை இதயம்கூட அடி வாங்குகிறது. விலையோ நம் நாட்டில் பெரும்பாலோருக்கு எட்டாதது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை இந்தக் கடைசிப் பிரச்சினையை நேராகவே எதிர்கொண்டது. வழக்கமான 240 மில்லிகிராமுக்குப் பதிலாக வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை, தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு மலிவான மாத்திரைகளோடு சேர்த்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 16.3 சதவீதம், நிவோலுமாபும் பெற்றவர்களில் 43.4 சதவீதம்.

மருந்து வேலை செய்த பிறகும் களையெடுப்பு நிற்பதில்லை. பெம்ப்ரோலிசுமாபால் கட்டி சுருங்கி, பின்னர் மீண்டும் வளர்ந்த நான்கு மெலனோமா நோயாளிகளை லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2016இல் எழுதினார்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த திசுவையும் பின் எடுத்த திசுவையும் பக்கத்தில் வைத்து மரபணுக்களை ஒப்பிட்டார்கள். இருவரின் கட்டிகளில் இன்டர்ஃபெரானின் மணியோசையை உள்ளே கொண்டுபோகும் மரபணு பழுதாகியிருந்தது. செல்லுக்குக் காது கேட்கவில்லை. மூன்றாமவரின் கட்டியில் தாங்கியை நிமிர்த்திப் பிடிக்கும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் புரதம் முறிந்திருந்தது. பருக்கை வெளியே வரவில்லை. நான்காமவரின் கட்டியும் வளரத்தான் செய்தது. அதில் இப்படி விரலை வைத்துச் சொல்லக்கூடிய மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை.