ஐடிலில் அமைதி, முழு வேகத்தில் திணறல்: இன்ஜெக்ஷன் படகு எஞ்சினுக்குப் பெட்ரோல் எங்கே தடைபடுகிறது?

கரையோரம் ஐடிலில், அதாவது த்ராட்டில் கொடுக்காமல் மெதுவாக ஓடும்போது, ஒரு குறையும் இருக்காது. வெளியே போய் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் அரை நிமிடம் நன்றாக இழுக்கும். பிறகு ஆர்பிஎம் சரியும், எஞ்சின் திணறும், சில சமயம் நின்றே போகும். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் படகு எஞ்சின்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது. இதைக் கேட்டதும் பலர் செய்வது, விலை கூடிய ஹை பிரஷர் பம்பை வாங்கி மாட்டுவது. பெரும்பாலும் அந்தப் பம்ப் மேல் தப்பே இருக்காது.

அந்த அரை நிமிடத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) ஒன்று முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 38 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அதாவது நிமிடத்துக்கு 630 மில்லி. ஐடிலில் அதே எஞ்சினுக்கு மணிக்கு இரண்டு லிட்டர் சொச்சம் போதும். நிமிடத்துக்கு 40 மில்லிகூட வராது. பெட்ரோல் வரும் வழி பத்தில் ஒன்பது பங்கு அடைத்திருந்தாலும் ஐடில் பிசிறாது. கரையில் கட்டிப்போட்டு ஐடிலில் ஓட்டிப் பார்த்து 'எல்லாம் சரி' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

வழியை ஒருமுறை பின்தொடர்வோம். டேங்கிலிருந்து உறிஞ்சுகுழாய், ஹோஸ், கையால் அமுக்கும் பிரைமர் பல்ப், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் வழியாகப் பெட்ரோலை இழுத்து வருவது லோ பிரஷர் பம்ப். அது 'வேப்பர் செப்பரேட்டர்' என்ற சின்னக் கிண்ணத்தை நிரப்புகிறது. உள்ளே ஒரு மிதவையும் ஊசி வால்வும் இருக்கும். கிண்ணம் நிரம்பினால் வால்வு மூடும், பெட்ரோலோடு வந்த காற்றும் ஆவியும் மேலே பிரிந்து போகும். ஹை பிரஷர் பம்ப் பெரும்பாலும் இந்தக் கிண்ணத்துக்குள்ளேயே மூழ்கி இருக்கும். அங்கிருந்து அழுத்தத்தோடு ரெயிலுக்கும் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாய்) இன்ஜெக்டர்களுக்கும் போகிறது. மிச்சத்தை ரெகுலேட்டர் கிண்ணத்துக்கே திருப்பி விடுகிறது.

கிண்ணத்தில் 200 மில்லி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் தேவையில் பாதிதான் வந்து சேர்கிறது என்றால், கிண்ணம் 38 விநாடியில் காலி. அதுதான் அந்த அரை நிமிடம். நின்ற பிறகு லோ பம்ப் மெதுவாகக் கிண்ணத்தை மறுபடி நிரப்புகிறது, எஞ்சினும் கிளம்புகிறது. ஆகவே கண்டுபிடிக்க வேண்டிய முதல் விஷயம் ஒன்றே: கோளாறு கிண்ணத்துக்கு முன்னாலா, பின்னாலா? முன்பகுதியைப் பெரும்பாலான எஞ்சின்களில் எந்த சென்சாரும் கவனிப்பதில்லை. அங்கே அடைத்தால் ஸ்கேனரில் பிழைக் குறியீடு வராது. வந்தாலும் வேறு எதையாவது குற்றம் சொல்லும்.

இதைப் பிரித்துப் பார்க்க இரண்டு எளிய சோதனைகள் உண்டு. எஞ்சின் திணறத் தொடங்கும் அதே நொடியில் இன்னொருவர் பல்பை விடாமல் அமுக்க வேண்டும். ஆர்பிஎம் மீண்டால் கோளாறு முன்பகுதியில். பல்பைக் கையில் எடுக்கும்போதே அதன் நிலையையும் பாருங்கள். ஓடும்போது அது சற்று மெத்தென்று இருப்பது இயல்பு. உள்ளே ஒட்டிச் சப்பையாகிக் கிடந்தால் அடைப்பு பல்புக்கும் டேங்குக்கும் நடுவில். அம்புக்குறி மேலே பார்க்கும்படி செங்குத்தாகப் பிடித்து எவ்வளவு அமுக்கினாலும் கெட்டிப்படவே இல்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, பல்பின் வால்வு தேய்ந்திருக்கிறது, அல்லது ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழிகிறது. இரண்டாவது சோதனை, சுத்தமான புது பெட்ரோலோடு ஒரு சிறிய கையடக்க டேங்கை, அதற்கே உரிய ஹோஸும் பல்பும் வைத்து நேராக எஞ்சினில் இணைத்து ஓட்டுவது. கோளாறு மறைந்தால் எஞ்சினைத் திறக்கவே வேண்டாம். படகின் டேங்கும் ஹோஸும்தான் குற்றவாளி.

முன்பகுதியில் தேட வேண்டியவற்றில் காசு செலவில்லாததிலிருந்து தொடங்கலாம். டேங்கின் மூடியைத் தளர்த்துங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், திணறலும் நின்றால், டேங்குக்குள் காற்று வரும் துளையான வென்ட் அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வென்ட் வாயில் பூச்சி கூடு கட்டினாலோ அதன் ஹோஸ் மடங்கினாலோ டேங்குக்குள் வெற்றிடம் உருவாகிப் பம்பை எதிர்த்து இழுக்கும்.

அடுத்தது, உள்டேங்க் படகுகளில் டேங்கின் வெளிவாயில் இருக்கும் ஆன்டி சைஃபன் வால்வு. ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் கொண்ட சின்னப் பொருள். ஹோஸ் அறுந்தாலும் டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக வடிந்து படகின் அடியில் தேங்காமல் தடுப்பது அதன் வேலை. அழுக்கு சேர்ந்தால் குண்டு பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். கழற்றி எறிந்துவிட்டு வெறும் இணைப்பை மாட்டச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள், புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள்.

ஏமாற்றுவதில் கெட்டிக்காரன் ஹோஸ். எத்தனாலில் ஊறிய பழைய ஹோஸின் உள்பூச்சு உரிந்து தொங்கும். வெளியே பளபளவென்று இருக்கும்; வாயால் ஊதினால் காற்று தாராளமாகப் போகும். ஆனால் பம்ப் இழுக்கும்போது உரிந்த தோல் கதவு போலச் சாத்திக்கொள்ளும். இதைக் கண்ணால் பிடிக்க முடியாது, வெற்றிட மானியால்தான் முடியும். லோ பம்புக்குள் பெட்ரோல் நுழையும் இடத்தில் ஒரு டி இணைப்பு போட்டு மானியை மாட்டி, பக்கத்தில் ஒரு சாண் கண்ணாடிபோன்ற ஹோஸையும் சோதனைக்காக மட்டும் சேர்த்து, முழு வேகத்தில் ஓட்டுங்கள். 2 அங்குலப் பாதரசத்துக்குள் நின்றால் நிம்மதி. 4-ஐத் தாண்டினால் அடைப்பு உறுதி. முள் ஏறாமல் ஹோஸில் குமிழிகள் ஓடினால் காற்றுக்கசிவு. பெட்ரோல் வெளியே சொட்டாத இடத்தில்கூடக் காற்று உள்ளே நுழையும். கிளாம்ப், ஃபில்டர் ரப்பர் வளையம், விரைவு இணைப்பின் ஓ-ரிங் எல்லாவற்றையும் பாருங்கள்.

தண்ணீரை மறக்கக்கூடாது. ஃபில்டரில் இருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 15 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து கீழே இறங்கிவிடும். உறிஞ்சுகுழாயின் வாய் இருப்பதும் அங்கேதான். பிரிந்ததை எந்த மருந்து ஊற்றியும் மறுபடி கலக்க முடியாது. டேங்கைக் காலி செய்வதுதான் வழி.

பல்பை அமுக்கியும் மீளவில்லை, மாற்று டேங்கிலும் அதே திணறல் என்றால் எஞ்சின் பக்கம் வரலாம். கழற்றுவதற்கு முன்: எஞ்சினை அணைத்த பிறகும் ரெயிலில் அழுத்தம் நிற்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடியில் இறங்கித் தேங்கும். புளோயர் (ஆவியை வெளியே தள்ளும் விசிறி) இருந்தால் குறைந்தது 4 நிமிடம் ஓட்டி, மோந்து பார்த்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இணைப்பைத் துணியால் சுற்றித் திறக்க வேண்டும்.

ரெயிலின் சோதனை வாயில் அழுத்தமானியை மாட்டிச் சாவியை ஆன் செய்தால் பம்ப் இரண்டு மூன்று விநாடி ரீங்கரிக்கும். போர்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் 35 முதல் 45 பிஎஸ்ஐ வரை பொதுவாகக் காட்டும். உங்கள் எஞ்சினுக்கான சரியான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பச்சை பூத்த கனெக்டர். சத்தம் இருந்தும் அழுத்தம் குறைவு என்றால், பம்பைக் குற்றம் சொல்லும் முன் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை பம்பின் பாசிட்டிவிலும் வைத்து ஓடும்போது பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மின்சாரம் வழியிலேயே தொலைகிறது. எர்த் பக்கமும் இதே சோதனை. (எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியூவே பம்பின் வேகத்தைத் துடிப்புகளாகக் கட்டுப்படுத்தும் எஞ்சின்களில் இந்த எண்ணை நம்ப வேண்டாம்.) மின்சாரம் சரியென்றால் கிண்ணத்தைத் திறந்து பம்பின் வலையைப் பாருங்கள், பழுப்பு நிறப் பிசினும் அலுமினிய அரிப்பின் வெள்ளைத் துகளும் அங்கேதான் அடையும். ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைப் பிடுங்கினால் உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கிறதா? இருந்தால் அதன் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) கிழிந்துவிட்டது.

இன்ஜெக்டர்கள் கடைசியில். ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால் சந்தேகப்படலாம். எல்லாம் ஒரே நேரத்தில் அடைப்பது அரிது. பெரும்பாலானவற்றின் ரெசிஸ்டன்ஸ் 12 முதல் 16 ஓம்.

காரணம் தெரியும்வரை முழு வேகத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காதீர்கள். பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரிந்து நாக்கிங் (சிலிண்டருக்குள் தாறுமாறாக வெடிப்பது) ஆகும், பிஸ்டனில் ஓட்டை விழும்வரை போகும். பழுது பார்த்த பிறகு பல்பை அமுக்கிக் கெட்டிப்படுத்தி, சாவியை ஆன் செய்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவி ஈரமில்லை என்று உறுதிசெய்து, அப்புறம் தண்ணீரில் இறக்கி முழுச் சுமையோடு ஐந்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். கிண்ணத்தில் இருப்பு தீர்ந்த பிறகும் அதே ஆர்பிஎம் நின்றால்தான் வேலை முடிந்தது.