கைப்பிடி இல்லாத புல்வெட்டி எப்படி நிற்கிறது?

ஐரோப்பிய நெடுஞ்சாலை ஓரங்களிலும் ரயில் பாதைக் கரைகளிலும் புல் வெட்டுபவர்களுக்குப் பெரிய ஆபத்து சரிவுதான். மேலே உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகளின் கையேடுகள் பொதுவாக 15 டிகிரிக்கு மேல் சாய்ந்த இடத்தில் ஓட்ட வேண்டாம் என்கின்றன. மீறினால் வண்டி கவிழ்ந்து ஓட்டுபவர்மேலேயே விழலாம். அடியில் கத்தி அப்போதும் சுழன்றுகொண்டிருக்கும். ரிமோட் புல்வெட்டியை விளையாட்டுப் பொருள் என்று நினைப்பவர்கள் இந்தச் சரிவை ஒருமுறை மனக்கண்ணில் பார்க்க வேண்டும். ஆளை அங்கிருந்து இறக்கிச் சமதரையில் நிற்க வைப்பதுதான் அது செய்யும் பெரிய உதவி.

ஆனால் ஆளை விலக்கியதும் வேறொரு கேள்வி வருகிறது. இயந்திரத்தை ஓட வைப்பது எளிது. நிறுத்துவது யார்?

இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் படிங் 1830-இல் முதல் புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றபோது இந்தக் கேள்வியே எழவில்லை. கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராக நறுக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து அவர் அதை வடிவமைத்தார். தள்ளும்போது உருளை சுழலும், உருளை சுழன்றால் கத்தி சுழலும். கையை எடுத்தால் எல்லாமே நின்றுவிடும். பெட்ரோல் எஞ்சின் வந்த பிறகுதான் ஆள் விட்டாலும் கத்தி விடாமல் சுற்ற ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1982 முதல் நடைமுறைக்கு வந்த விதி, தள்ளிச் செல்லும் புல்வெட்டியின் பிடியை விட்ட 3 விநாடிகளுக்குள் கத்தி நின்றாக வேண்டும் என்கிறது. பல உயிர்களையும் விரல்களையும் மனத்தில் வைத்து எழுதிய விதி அது. ரிமோட் புல்வெட்டியிலோ பிடியே கிடையாது. அந்தப் பிடியின் வேலையை ரேடியோ அலை செய்ய வேண்டும்.

ரேடியோவால் இயங்கும் புல்வெட்டிகளை 1950-களிலேயே செய்து காட்டினார்கள். அந்தக் காலத்துப் பொழுதுபோக்கு ரேடியோ கட்டுப்பாட்டுக் கருவிகள் எவ்வளவு எளிமையானவை என்று தெரிந்தால் அந்தத் துணிச்சல் வியப்பூட்டும். பலவற்றில் அனுப்ப முடிந்தது ஒரே செய்திதான்: அலை இருக்கிறது, அல்லது இல்லை. அதை வைத்து மாதிரி விமானத்தையும் படகையும் திருப்பியது ஒரு ரப்பர் பட்டை. முறுக்கிய பட்டை ஒரு சக்கரத்தைச் சுழற்றப் பார்க்கும்; மின்காந்தத்தோடு இணைந்த ஒரு சிறு நாக்கு அதைத் தடுத்துப் பிடித்திருக்கும். பொத்தானை அழுத்தினால் நாக்கு விலகி, சக்கரம் கால் சுற்று நகரும். சுக்கான் வலப்பக்கம் திரும்பும். விட்டால் இன்னொரு கால் சுற்று, சுக்கான் நேராகும். மறுபடி அழுத்தினால் இடப்பக்கம். ஆக, அடுத்தடுத்து இரண்டு முறை வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் நடுவில் ஒரு கணம் இடப்பக்கம் போய்த்தான் வர வேண்டும். கடைசியாகத் திரும்பியது எந்தப் பக்கம் என்பதை ஓட்டுபவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

புல்வெட்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி விடும்போதும் ரேடியோ இரைச்சலைக் கிளப்புகிறது. கட்டளையைக் கேட்க வேண்டிய ரிசீவரின் காதருகே அதன் எஞ்சினே ஓயாமல் சத்தமிட்டால், தொலைவிலிருந்து வரும் மெல்லிய அலையை அது எப்படிப் பிரித்தறியும்? மின்தடை சேர்த்த பிளக்குகளும் உலோக உறைகளும் அந்த இரைச்சலைக் கணிசமாக அடக்கின.

இன்றைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒரு அலைவெண்ணிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் பேசுகின்றன. ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பியவரின் அடையாளமும், செய்தி சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்ணும் இருக்கும். ஜாய்ஸ்டிக்கின் நிலையை ரிசீவர் ஒரு மின்துடிப்பின் நீளமாக மாற்றித் தருகிறது. வழக்கமாக 1.5 மில்லிவிநாடி என்றால் நிற்க வேண்டும். 2-ஐ நெருங்கினால் முன்னே, 1-ஐ நெருங்கினால் பின்னே. வீட்டிலேயே செய்பவர்கள் இதைப் பழைய மின் வீல்சேரின் இரண்டு மோட்டார்களோடு இணைக்கிறார்கள். இடது சக்கரம் வேகமாகவும் வலது சக்கரம் மெதுவாகவும் சுற்றினால், டாங்கி திரும்புவதுபோல் வண்டி வலப்பக்கம் திரும்பும்.

அப்படிச் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சில ரிசீவர்கள் தொடர்பு அறுந்ததும், கடைசியாக வந்த கட்டளையையே பிடித்து வைத்துக்கொள்ளும். வானத்தில் பறக்கும் மாதிரி விமானத்துக்கு அது சில சமயம் நல்லது. ஒரு கணம் அலை தவறினாலும் விமானம் நிலை குலையாது. கத்தியோடு தரையில் ஓடும் வண்டிக்கோ, கடைசிக் கட்டளை ‘முன்னே போ’ என்பதாக இருந்தால், வேலியைத் தாண்டித் தெருவுக்கே போய்விடும். மௌனத்துக்கு ‘நில்’ என்றுதான் பொருள் என்று முதலில் அதற்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அதுவும் போதாது. மோட்டாரை ஆளும் மின்னணுச் சுற்று எரிந்து உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால், ரிசீவர் ‘நில்’ என்றாலும் மோட்டார் முழு வேகத்தில் ஓடும். ஆகவே பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே தனியாக ஒரு ரிலே, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச், வேண்டும். சரியான சமிக்ஞை வந்துகொண்டிருக்கும்வரைதான் அது மூடியிருந்து மின்சாரத்தை ஓட விடும். சமிக்ஞை போனால் வில்விசையே அதைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். எஞ்சினால் கத்தி சுற்றும் வண்டியில் எஞ்சினையும் அணைக்க வேண்டும், கத்தியையும் பிரேக் போட்டுப் பிடிக்க வேண்டும். அமெரிக்கத் தர விதி கத்தி நுனிக்கு அனுமதிக்கும் உச்ச வேகம் நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 347 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சுழலும் இரும்பு தானாகவே ஓய்ந்து நிற்கட்டும் என்று விட முடியாது.

இப்போது சரிவுக்குத் திரும்புவோம். செக் நாட்டில் உருவான ஸ்பைடர் என்னும் ரிமோட் புல்வெட்டியில் நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பும், உடல் திரும்பாது. நண்டு நகர்வதுபோல் சரிவின் குறுக்கே போய், அப்படியே திரும்பி வரும். விஞ்ச் இல்லாமல் 40 டிகிரி வரையிலும், மேலே நங்கூரமிட்ட கயிற்றைச் சுற்றும் விஞ்ச் இருந்தால் 55 டிகிரி வரையிலும் ஏறும். ஏன் இந்த எல்லை? 300 கிலோ வண்டி என்று வைத்துக்கொள்வோம். 40 டிகிரியில் அதைக் கீழே இழுப்பது சுமார் 193 கிலோ எடைக்குச் சமமான விசை. தரையில் அழுத்துவது 230. முள் பதித்த சக்கரம் மண்ணைக் கவ்விச் சமாளிக்கும். 55 டிகிரியில் இழுப்பது 246, அழுத்துவது வெறும் 172. புல் எவ்வளவு பிடித்தாலும் அதைத் தாங்காது. மிச்சத்தைக் கயிறுதான் சுமக்க வேண்டும்.

ரிமோட்டையே கையில் எடுக்காத தானியங்கிகளும் ‘மௌனம் என்றால் நில்’ என்ற இதே விதிக்குள்தான் வாழ்கின்றன. 1969-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மோபாட், புல்தரையைச் சுற்றிப் புதைத்த கம்பியை எல்லையாகக் கொண்டது. 1995-இல் ஸ்வீடன் நிறுவனமான ஹஸ்க்வர்னா சூரிய ஒளியில் ஓடும் புல்வெட்டியை வெளியிட்டது. கம்பி வளையத்தில் மின்துடிப்பு ஓடும்போது உள்ளே காந்தப்புலம் ஒரு திசையிலும் வெளியே எதிர்த் திசையிலும் இருக்கும். இன்றைய கம்பி வகை ரோபோக்கள் இதை ஒரு சுருளால் உணர்ந்து, எல்லையைத் தாண்டியதும் திரும்பிவிடுகின்றன. எலி கடித்தோ மண்வெட்டி பட்டோ கம்பி அறுந்தால் துடிப்பு வராது. ரோபோ இருந்த இடத்திலேயே நின்றுவிடும். கம்பியே வேண்டாமென்று செயற்கைக்கோளை நம்பிச் சென்டிமீட்டர் துல்லியத்தில் ஓடும் புதிய வகைகளும், அடர்ந்த மரத்தடியில் தன் இடம் தெரியாமல் போனால் நின்று காத்திருக்கும்படியே அமைக்கப்படுகின்றன.